கனரக லாரியில் கியர்பாக்ஸ் மாற்றம்: விகிதம் பார்க்காமல் பொருத்தினால் நேர்வது என்ன?

கொச்சி: வல்லார்பாடம் சர்வதேச கண்டெய்னர் முனையம் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது முதல், கொச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் டிரெய்லர் லாரிகளின் நடமாட்டம் அன்றாடக் காட்சியாகிவிட்டது. களமசேரி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544இல் ஏறி, திருச்சூர், பாலக்காடு, வாளையாறு கடந்து கோவை, சேலம் நோக்கிச் செல்லும் இந்த வாகனங்களில் ஒன்றின் கியர்பாக்ஸ் பழுதானால், உரிமையாளர் முன் முதலில் எழும் கேள்வி விலை பற்றியதாகவே இருக்கிறது. முதலில் கேட்கப்பட வேண்டியது வேறு: புதிதாக வரும் பெட்டி அந்த எஞ்சினுக்கும், அந்தச் சுமைக்கும், அந்தப் பாதைக்கும் பொருந்துமா?

ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் அது தாங்கக்கூடிய முறுக்குவிசைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்க டிரக்குகளில் புகழ்பெற்ற ஈட்டன் ஃபுல்லர் நிறுவனம் இதனை மாதிரி எண்ணிலேயே பொறித்துவிடுகிறது. 'ஆர்டிஎல்ஓ 18918' என்பதில் 18 என்பது 1,850 பவுண்ட்-அடி, அதாவது ஏறத்தாழ 2,500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும், கடைசி 18 என்பது முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கையையும் குறிக்கும். இந்தியாவில் 55 டன் வரம்பில் ஓடும் 300 குதிரைத்திறன் டிராக்டர்களின் எஞ்சின், ஏறத்தாழ 1,100 நியூட்டன் மீட்டர் தருகிறது. இதற்குக் குறைவான திறன் கொண்ட பழைய பெட்டியைப் பொருத்தினால், வெறும் வண்டியில் எதுவும் தெரியாது. முழுச் சுமையுடன் மேட்டில் நின்று கிளம்பும்போதுதான் பற்கள் தெறிக்கும்.

அடுத்தது பற்சக்கர விகிதம். பெரும்பாலான தவறுகள் இங்குதான் நிகழ்கின்றன. ஒன்பது கியர் கொண்ட பெட்டிகள் இரு வகையாக வருகின்றன. உச்ச கியரில் எஞ்சின் ஒருமுறை சுழன்றால் வெளித்தண்டும் ஒருமுறை சுழல்வது நேரடி வகை. வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுழல்வது ஓவர்டிரைவ் வகை. முதல் வகையில் விகிதங்கள் 12.73இல் தொடங்கி 1.00இல் முடிகின்றன என்றும், இரண்டாவதில் 9.48இல் தொடங்கி 0.75இல் முடிகின்றன என்றும் கொள்வோம். இரண்டின் வீச்சும் ஏறக்குறைய ஒன்றே. படிக்கட்டு மொத்தமும் ஒரு படி நகர்த்தி வைக்கப்பட்டுள்ளது, அவ்வளவுதான்.

பின் அச்சில் கிரௌன்-பினியன் விகிதம் 5.29, டயரின் சுற்றளவு சுமார் 3.2 மீட்டர் எனில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேரடி வகைப் பெட்டியுடன் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,650 முறை சுழலும். ஓவர்டிரைவ் பெட்டியை மாட்டினால் அது 1,240 ஆகக் குறையும். டீசல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதே மாற்றத்தால் முதல் கியரின் இழுவை நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. மேட்டில் கிளம்ப ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி நிற்க, ஒரு கிளட்ச் பிளேட்டின் ஆயுள் சில வாரங்களில் முடிந்துபோகும். அதனால் ஓவர்டிரைவுக்கு மாறுவோர் பின் அச்சின் விகிதத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.

பாதை மாறினால் விடையும் மாறும். லாரி ஓட்டுநர்களைப் பல்லாண்டு வாட்டிய குதிரான் ஏற்றம், 2021 ஜூலை 31 அன்று முதல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் கோவைத் தடத்தில் பெருந்தடையாக இல்லை. அதே லாரி மூணாறு, போடிமெட்டு வழியாகத் தேனிக்குச் சரக்கேற்றினால் கீழ் கியர்களின் பலம்தான் காப்பாற்றும்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த கும்பளங்கி போன்ற ஊர்களில் டிப்பர் லாரிகளுக்கு வேறொரு தொல்லை. ஓதம் ஏறும் நாள்களில் உப்புநீர் சாலையைத் தொட்டுவிடுகிறது. ஓடிச் சூடான கியர்பாக்ஸ் நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, மேலேயுள்ள சுவாசத் துளை வழியாக ஈரத்தை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். பேரிங்குகள் அரிக்கப்படுவதற்குள் எண்ணெயை மாற்றினால், பெட்டியையே மாற்றும் செலவு மிச்சமாகும். டிப்பருக்கு வாங்கும் மாற்றுப் பெட்டியில் ஹைட்ராலிக் பம்பை இயக்கும் பிடிஓ பொருத்த இடம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இதை மறந்து வாங்கிவந்து, தொட்டியைத் தூக்க வழியின்றி நிற்பவர்கள் உண்டு.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பெட்டி வாங்குவோர் அடையாளத் தகட்டின் எண், உள்தண்டின் பல்வரிகளின் எண்ணிக்கை, எஞ்சினோடு சேரும் மூடியின் அளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் கோணமும் மாறும். கோணம் தவறினால் அதிர்வு, பிறகு கிராஸ் தேய்மானம்.

கழற்றும்போது சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரி இணைப்பை நீக்கி, காற்றுத் தொட்டியை வெறுமையாக்குவது கட்டாயம். கீழ், மேல் வரிசைகளுக்கு இடையே பெட்டியை மாற்றுவது காற்றழுத்தமே. குழாய்களை இடம் மாற்றிச் செருகினால் ஓட்டுநர் கேட்கும் வரிசை கிடைக்காது. இரண்டு மூன்று ஆள் எடையுள்ள பெட்டியை உரிய ஜாக்கி இன்றி இறக்குவது உயிருக்கே ஆபத்து. உள்தண்டு கிளட்ச் பிளேட்டுக்குள் இருக்கையில் பெட்டியைத் தொங்கவிட்டால் பிளேட்டின் மையம் வளைந்துவிடும். புதுப் பெட்டியிலும் கிளட்ச் விடுபடாத கோளாறுக்கு இது ஒரு காரணம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 வாகனங்களில் வேக உணரி, கியர் நிலை உணரி ஆகியவை எஞ்சின் கணினியோடு பேசுவதால், பழைய பெட்டியை அப்படியே பொருத்துவது எளிதன்று.

சட்டமும் இதில் குறுக்கிடலாம். பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. கியர்பாக்ஸோடு எஞ்சினையும் சேர்த்து மாற்றினால், சான்றிதழில் உள்ள எஞ்சின் எண் மாறும் என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முன்னதாகவே அணுகுவது அவசியம்.

பழுதான லாரியை இழுத்துச் செல்லும்போது புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில் சக்கரங்கள் வெளித்தண்டை மட்டும் சுழற்றும். எண்ணெயை வாரியிறைக்கும் கீழ்த்தண்டு அசையாது நிற்கும். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்கத்தில் உருட்டி டீசல் மிச்சப்படுத்துவோரின் பெட்டிக்கும் இதே வறட்சிதான். எஞ்சின் பிரேக்கும் அங்கே கிடைக்காது.