இடது கைக்கு எத்தனை விரல் வேணும்?

கீபோர்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னிக்கு எல்லாரும் செய்யறது ஒண்ணுதான். முதல்ல டெமோ பாட்டைப் போட்டுத் தெருவையே அலற விடுவாங்க. அப்புறம் ஒரு ஸ்டைலை செலக்ட் பண்ணி, இடது கையில ஒரே ஒரு விரலை வைப்பாங்க. டிரம்ஸ், பேஸ் கிடார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் சேர்ந்து கிளம்பும். அம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்து, ‘அட, நம்ம புள்ளைக்கு வாசிக்க வருதே!’ம்பாங்க. உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

அந்த ஒரு விரல்ல எந்தத் தப்பும் இல்லை. ஆனா வாங்கி ரெண்டு வருஷம் ஆகியும் அதே ஒரு விரல்லயே நிக்கறீங்களா? அப்போ நாம கொஞ்சம் பேசணும், பாஸ்!

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். அரேஞ்சர் கீபோர்டில் ஒரு ஸ்டைல் என்பது ஏற்கெனவே வாசித்து வைத்த ஒரு குட்டி ஆர்கெஸ்ட்ரா. யமஹாவை எடுத்துக்கிட்டா ரிதம் ரெண்டு, பேஸ், கார்ட் ரெண்டு, பேட், ஃப்ரேஸ் ரெண்டு என்று மொத்தம் 8 பார்ட். இதில் டிரம்ஸுக்கு உங்கள் கார்ட் பற்றிக் கவலையே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் உங்கள் இடது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் சி மேஜர் பிடித்தால் சி மேஜரில் வாசிப்பார்கள், ஏ மைனர் பிடித்தால் அதற்கு மாறுவார்கள். நீங்கள் எந்த விரலை வைத்தால் அதை எந்தக் கார்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைப்பதுதான் ஃபிங்கரிங் மோடு. வீட்டுக் கூடத்தில் ஆர்கன் வைத்து, இடது கையில் கார்டும் காலில் பேஸ் பெடலுமாக வாசித்த காலத்துக்குப் பிறகு, அந்த ரெண்டு வேலையையும் ஒரே கைக்குக் கொடுத்தது இதுதான்.

இதில் பெரிய கீபோர்டுகளில் மெனு நீளம். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசையில் ஏழு வகை: சிங்கிள் ஃபிங்கர், மல்டி ஃபிங்கர், ஃபிங்கர்டு, ஃபிங்கர்டு ஆன் பேஸ், ஃபுல் கீபோர்டு, ஏஐ ஃபிங்கர்டு, ஏஐ ஃபுல் கீபோர்டு. பயப்படாதீங்க, ஏழையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நம்ம வாசிப்புக்கு நிஜமாகவே வித்தியாசம் காட்டுவது மூணோ நாலோதான்.

சிங்கிள் ஃபிங்கரிலிருந்து ஆரம்பிப்போம். யமஹாவில் சி-யை மட்டும் அழுத்தினால் சி மேஜர். அதோடு இடப்பக்கம் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் சி மைனர். கறுப்புக்குப் பதில் பக்கத்து வெள்ளைக் கட்டை என்றால் சி செவன்த். ரெண்டும் சேர்ந்தால் சி மைனர் செவன்த். அழகாக இருக்கிறது இல்லையா? இப்போது காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைக்கு வாங்க. அங்கே இருப்பது காசியோ. காசியோவில் இந்த வேலைக்கு ‘காசியோ கார்ட்’ என்று பேர், சட்டமும் வேற. அங்கே கீழே இருக்கும் கட்டைதான் ரூட். அதற்கு வலப்பக்கம் எந்தக் கட்டையையாவது ஒன்று சேர்த்தால் மைனர், ரெண்டு சேர்த்தால் செவன்த், மூணு சேர்த்தால் மைனர் செவன்த். நீங்கள் பழக்கதோஷத்தில் சி மைனருக்காக சி-யையும் அதன் இடப்பக்கத்து பி ஃப்ளாட்டையும் அழுத்துகிறீர்கள். கீழே இருப்பது பி ஃப்ளாட், வலப்பக்கம் இன்னொரு கட்டை. காசியோ என்ன வாசிக்கும்? பி ஃப்ளாட் மைனர்! பாடகர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார் பாருங்க, அந்தப் பார்வையை மறக்கவே முடியாது.

விஷயம் இதுதான். ஒரு விரல் முறையில் நீங்கள் கற்றுக்கொள்வது கம்பெனியின் ஷார்ட்கட்டை. சி, இ, ஜி என்ற மூன்று ஸ்வரமும் சேர்ந்தால்தான் சி மேஜர் என்பதை உங்கள் விரல் கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த மூன்று விரல் உலகத்தில் எந்தப் பியானோவிலும், எந்த சிந்தசைஸரிலும், சர்ச்சில் மூலையில் கிடக்கும் பழைய ஆர்மோனியத்திலும் சி மேஜர்தான்.

அதற்காக ஒரு விரல்காரர்களைக் கிண்டல் பண்ண நான் வரலை. ரிசப்ஷன்ல ஒரே ஆள் ரிதமும் வாசிச்சு, பாடவும் பாடி, நடுவுல மைக்கையும் அட்ஜஸ்ட் பண்ற அண்ணன்களுக்கு அது ஒரு வரம். பழகின பாட்டு, பழகின கீபோர்டு, ராத்திரி பத்து மணி... தாராளமா ஒரு விரல் போதும். இப்போதுதான் கற்றுக்கொள்கிற உங்களுக்குத்தான் அது பத்தாது.

‘அதான் மல்டி ஃபிங்கர் இருக்கே, ரெண்டையும் ஏத்துக்குமே!’ என்று கேட்பீங்க. ஏற்றுக்கொள்ளும். ஒரு விரல் வைத்தாலும் சரி, மூணு விரல் வைத்தாலும் சரி, அதுவே புரிந்துகொள்ளும். சின்ன மாடல்களில் பெரும்பாலும் பெட்டியைத் திறந்ததும் இருப்பதும் இதுதான். ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு இதில் ஒரு கோளாறு உண்டு. நீங்கள் ஏ மைனர் பிடிக்கிறீர்கள்: ஏ, சி, இ. மூணு விரலும் ஒரே நேரத்தில் இறங்காமல், சுண்டுவிரல் ஏ-யில் ஒரு நொடிப்பொழுது முன்னாடி விழுகிறது. மல்டி ஃபிங்கருக்கு ஏ மட்டும் என்றால் ஏ மேஜர். உடனே ஒரு ஏ மேஜர் பளிச்சென்று எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மைனராக மாறும். சோகப் பாட்டுக்கு நடுவில் யாரோ பல்லைக் காட்டிய மாதிரி இருக்கும்!

ஃபிங்கர்டு மோடில் இந்தத் தொல்லை இல்லை. கார்டுக்கு வேண்டிய விரல் முழுசாக விழும் வரை பழைய கார்டே ஓடிக்கொண்டிருக்கும். விரல் தடுமாறினால் கார்ட் கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான். புதுசா பழகறவங்க நேராக இதற்கு மாறிடுங்க என்பது என் கட்சி. முதல் வாரம் கடுப்பாகத்தான் இருக்கும். ஒரு விரலில் ஓட்டிய பாட்டெல்லாம் திடீரென்று நொண்டும். டெம்போவைப் பாதியாகக் குறைச்சுக்குங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க.

இங்கேதான் ஒரு சூப்பர் சமாசாரம். கார்டுக்குக் கார்ட் கையைத் தூக்கிக்கொண்டு தாவ வேண்டியதே இல்லை. சி மேஜருக்கு சி, இ, ஜி. அடுத்து எஃப் மேஜருக்கு சி-யை விடாமல் சி, எஃப், ஏ. ஜி மேஜருக்கு ஒரு கட்டை இறங்கி பி, டி, ஜி. ஏ மைனருக்கு சி, இ, ஏ. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, விரல்கள் மட்டும் ஓரடி ஈரடி நகர்கின்றன. இப்படி ஸ்வரங்களை இடம் மாற்றிப் பிடிப்பதுதான் இன்வர்ஷன். நீங்கள் எந்த வரிசையில் பிடித்தாலும், ஃபிங்கர்டு மோடில் உள்ளே இருக்கும் பேஸ் கிடார்காரர் கார்டின் ரூட்டைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்வார். எஃப் கார்டில் கீழே சி இருந்தாலும் அவருக்கு எஃப்தான். சில கார்டுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சி சிக்ஸ்த்துக்கும் ஏ மைனர் செவன்த்துக்கும் சி, இ, ஜி, ஏ என்று அதே நாலு ஸ்வரம்தான். அங்கே கீழே எந்த ஸ்வரம் என்பதுதான் பேரைத் தீர்மானிக்கும்.

இந்த சௌகரியம் பழகின பிறகு ஒருநாள் ஃபிங்கர்டு ஆன் பேஸ் பக்கம் போங்க. இந்த மோடில் நீங்கள் அழுத்தும் ஸ்வரங்களில் எது கீழே இருக்கிறதோ அதுதான் பேஸ். சி, இ, ஜி... பிறகு பி, டி, ஜி... பிறகு ஏ, சி, இ. ஃபிங்கர்டு மோடில் பேஸ் சி, ஜி, ஏ என்று குதிக்கும். ஆன் பேஸில் சி, பி, ஏ என்று படி இறங்கும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடாரைத் தனியாகக் காதில் பிடித்துக் கேட்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் உங்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். ஒன்றில் கார்ட் மாறுகிறது, இன்னொன்றில் பாட்டு நடக்கிறது.

ஆனால் உஷார்! மேலே சொன்ன சௌகரிய இன்வர்ஷனோடு இந்த மோடுக்குள் நுழைந்தால், சி, எஃப், ஏ பிடிக்கும்போது பேஸ் எஃப்புக்குப் பதில் சி-யில் நிற்கும். கை சரி, கார்ட் சரி, ஆனாலும் அடித்தளம் ஆடும். ஏன் என்று தெரியாமல் ஸ்பீக்கரைத் திட்டுவோம். ஆன் பேஸில் எந்த இன்வர்ஷன் என்பது கையின் வசதிக்காக இல்லை, பாட்டுக்காக.

ஃபுல் கீபோர்டு மோடு பியானோ பழகியவர்களுக்கு. இடம், வலம் என்ற எல்லையே இல்லை. எங்கே மூணு ஸ்வரத்துக்கு மேல் அழுத்தினாலும் கார்ட் தேடும். வலது கையில் மெலடி மட்டும் வாசிக்கிறவர்களுக்கு இது தேவையில்லாத தலைவலி, ஏன்னா மெலடி ஸ்வரமும் கணக்கில் சேரும். ஏஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து, 2022-ல் வந்த சாட்ஜிபிடி மாதிரி எதையோ எதிர்பார்க்காதீங்க. அதற்குப் பல வருஷம் முன்னாடியே யமஹா வைத்த பேர் இது. மூணு விரலுக்குக் குறைவாக வைத்தாலும், முன்பு வாசித்த கார்டைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கும். ஊகம்தானே... சில சமயம் நம்ம மனசைப் படிக்கும், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் மனசைப் படிக்கும். பிஎஸ்ஆர்-இ373 மாதிரி மாடல்களில் ஸ்மார்ட் கார்ட் என்று இன்னொன்று. பாட்டின் கீயை முதலில் சொல்லிவிட்டால், ஒரு விரலுக்கே அந்தக் கீயில் பொருந்தும் கார்டைக் கொடுக்கும். சி மேஜர் என்று சொல்லி வைத்தால் டி-க்கு டி மைனர் வரும். பாட்டில் வேண்டுமென்றே டி மேஜர் போட்டிருந்தால்? அங்கே ஸ்மார்ட் கொஞ்சம் அசடு.

கடைசியா, அடுத்தவர் கீபோர்டில் உட்காரும்போது பண்ண வேண்டிய ஒரு நிமிஷ டெஸ்ட். சவுண்ட் செக்கிலேயே முடிச்சுடுங்க. ஸ்டைலை ஓடவிட்டு இடது பக்கம் சி-யை மட்டும் தட்டுங்க. உடனே சி மேஜர் முழுசாகக் கிளம்பினால் பெரும்பாலும் சிங்கிள் அல்லது மல்டி. ஒன்றும் மாறவில்லை என்றால் கீழிருந்து ஜி, சி, இ என்று பிடிங்க. பேஸ் சி-யில் நின்றால் ஃபிங்கர்டு, ஜி-க்குப் போனால் ஆன் பேஸ். அடுத்து வலது கையில் மட்டும் எஃப், ஏ, சி அழுத்துங்க. அதற்கும் கார்ட் மாறினால் யாரோ ஃபுல் கீபோர்டில் விட்டுப் போயிருக்கிறார்கள். மாற்றும் இடம் சின்ன மாடல்களில் ஃபங்ஷன் பட்டனுக்குள் இருக்கும், எஸ்எக்ஸ் வரிசையில் மெனுவுக்குள் ‘ஸ்ப்ளிட் அண்ட் ஃபிங்கரிங்’. அங்கேயே ஸ்ப்ளிட் பாயின்ட்டையும் ஒரு பார்வை பாருங்க. யமஹாவின் சின்ன மாடல்களில் அது வழக்கமாக எஃப் ஷார்ப் 2-ல் இருக்கும். முன்னாடி வாசித்தவர் அதை நகர்த்தி வைத்திருந்தால், நீங்கள் மெலடி என்று நினைத்து வாசிப்பதைக் கீபோர்டு கார்ட் என்று நினைத்துக்கொண்டு இருக்கும்.