அச்சில் வந்ததெல்லாம் ஆதாரமாகுமா?

விஞ்ஞான சஞ்சிகையொன்றில் வெளிவந்துவிட்டது என்றாலே அது ஐயத்திற்கு இடமற்ற உண்மை என்ற எண்ணம் படித்தவர்கள் மத்தியிலும் வேரூன்றியிருக்கின்றது. அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கும், அத்தவறுக்கான விலையை ஈற்றில் செலுத்துபவர் யார் என்பதற்கும் நாம் கடல் கடந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தேயிலை மலைகள் புல்லேறிக் கிடந்த அந்த மூன்று ஆண்டுகளை நினைத்துப் பார்த்தாலே போதுமானது.

1990 களின் நடுப்பகுதியிலிருந்து அநுராதபுரம், பொலனறுவை உள்ளிட்ட உலர் வலயப் பிரதேசங்களின் நெற்செய்கையாளர் மத்தியில், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படலாயிற்று. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத, குடும்பத்தைச் சுமக்கும் வயதிலுள்ள பலர் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நம்பி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். கட்மியம், ஆர்சனிக், புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் உடல் நீரை இழத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

இந்நிலையில், 2014 பெப்ரவரியில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன, கலிபோர்னிய அரச பல்கலைக்கழகத்தின் சரத் குணதிலக்க ஆகியோர் மற்றுமொருவருடன் இணைந்து எழுதிய கட்டுரையொன்று, சுற்றாடல் ஆய்வு மற்றும் பொதுச் சுகாதாரத்திற்கான சர்வதேச சஞ்சிகையில் வெளியானது. கிளைபோசேட் என்னும் களைகொல்லி, கடின நீருடனும் நச்சு உலோகங்களுடனும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும் என்பதே அதன் சாரமாகும். அக்கட்டுரை ஒரு கருதுகோளையே முன்வைத்தது. கிளைபோசேட் தனித்து நின்று இந்நோயைப் பரவச் செய்யாது எனக் கட்டுரையாளர்களே அதில் எழுதியிருந்தனர். அடுத்த ஆண்டு பதவிசிறிபுரப் பகுதியில் மேற்கொண்ட கள ஆய்வொன்றையும் அவர்கள் வெளியிட்டனர். கிணற்று நீருக்கும் களைகொல்லித் தெளிப்புக்கும் நோய்க்கும் இடையே தொடர்பு உண்டென அது கூறியது. எனினும், தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது ஆய்வுலகின் அரிச்சுவடிப் பாடமாகும்.

கருதுகோளை முன்வைப்பது குற்றமன்று. அது ஆய்வாளரின் உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும். ஆனால், அக்கருதுகோள் ஆய்வுகூடத்திற்குச் சென்று சோதிக்கப்படுவதற்கு முன்னரே அரசியல் மேடைக்குச் சென்றது. சர்வதேச சஞ்சிகையிலேயே வந்துவிட்டதே என்ற வாதம் அங்கு பெரும் ஆயுதமாயிற்று. 2015 மார்ச்சில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரில் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் சாத்தியமுள்ளவற்றின் வரிசையில் கிளைபோசேட்டைச் சேர்த்தது. புற்றுநோயும் சிறுநீரக நோயும் வெவ்வேறானவை என்ற வேறுபாடு அன்றைய ஆரவாரத்தில் கரைந்துபோனது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் கிளைபோசேட் இறக்குமதி நாடு முழுமைக்கும் தடை செய்யப்பட்டது.

தடையின் முழுப்பாரமும் வந்து விழுந்தது மலையகத்தின் மீதேயாகும். செங்குத்தான சரிவுகளில் சுரண்டி கொண்டு புல்லைச் செதுக்கினால் மழையோடு மேல்மண்ணும் கரைந்து போகும். கையால் களை பிடுங்குவதற்கோ தோட்டங்களில் போதிய ஆட்கள் இல்லை. காடாகிப்போன மலையில் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு அட்டையும் பாம்பும் குளவியும் துணையாகின. புல்லுக்குள் நடந்து கொழுந்தைத் தேடிப் பறிக்கும்போது நிறுவைக்கு உரிய கிலோ சேர்வதில்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர். சஞ்சிகைக் கட்டுரை எதையும் கண்ணால் கண்டிராத ஒரு தொழிலாளியின் சம்பளச் சிட்டையில் அதன் விளைவு எழுதப்பட்டது இவ்வாறுதான்.

தடையினால் தோட்டங்களில் இரசாயனம் ஒழிந்ததா என்றால் அதுவுமில்லை. கிளைபோசேட் இல்லாதபோது வேறு களைகொல்லிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ. என்பதன் எச்சம், ஜப்பான் விதித்திருந்த கடுமையான எல்லையை மீறி இலங்கைத் தேயிலையில் காணப்பட்டதால் அந்நாட்டுச் சந்தையே கேள்விக்குள்ளாகும் நிலை தோன்றியது. ஈற்றில் 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்த்தப்பட்டது.

இங்கு எவரும் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வியொன்று உண்டு. நாட்டில் கிளைபோசேட்டை நெடுங்காலம் பெருமளவில் பயன்படுத்தியவை தேயிலைத் தோட்டங்களாகும். அவ்வாறிருக்க, அநுராதபுரத்தைப் போன்று இந்நோய் மலையகத்தில் ஏன் பரவவில்லை? மலையகத்து ஊற்று நீர் கடின நீரன்று. கட்டுரையாளர்களின் கருதுகோளின்படியே கடின நீர் இன்றி இத்தீங்கு நேர்வதற்கில்லை. ஆகவே, அக்கட்டுரையை முழுமையாக நம்பியவர்கள்கூட நுவரெலியாவுக்கும் பதவியாவுக்கும் ஒரே சட்டத்தை விதித்திருக்க முடியாது. கட்டுரையை ஆயுதமாக்கியவர்கள் அதனை ஒழுங்காகப் படித்தார்களா என்பதே நமது ஐயமாகும்.

சஞ்சிகையில் வெளிவருவதன் பொருள்தான் என்ன? ஆய்வாளர் அனுப்பும் கட்டுரையை அத்துறை சார்ந்த இருவரோ மூவரோ படித்துக் குறை நிறைகளை எழுதுவர். இதனையே சக மதிப்பாய்வு என்கின்றனர். பெரும்பாலும் ஊதியமின்றி, தமது சொந்த வேலைகளுக்கிடையே இதனைச் செய்யும் அவர்கள், ஆய்வை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. மூலத் தரவுகள் அவர்களுடைய கைக்குக் கிடைப்பதும் அரிது. எனவே, சக மதிப்பாய்வு என்பது உண்மைக்கு இடப்படும் முத்திரையாகாது. இது விவாதிக்கத் தகுந்தது என்று கூறும் அனுமதிச் சீட்டே அது.

அந்தச் சீட்டும் இன்று மலிந்துபோயுள்ளது. கட்டுரையாளரிடம் கட்டணம் பெற்று வாசகருக்கு இலவசமாக வழங்கும் முறை அறிவைப் பரவலாக்கியது உண்மையே. ஆயினும், கட்டுரைகள் கூடக்கூட வருமானமும் கூடும் என்ற நிலையில், வாயிற்காவல் தளர்வதும் இயல்பாயிற்று. 2023 இல் மாத்திரம் உலகெங்கும் 10,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன. அவற்றுள் 8,000 க்கும் அதிகமானவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் சஞ்சிகைகளில் வெளிவந்தவையாகும். மேற்கூறிய சிறுநீரகக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையும் அதே ஆண்டு முக்கிய சஞ்சிகைப் பட்டியலொன்றிலிருந்து நீக்கப்பட்டது. அந்நீக்கத்திற்கும் அக்கட்டுரைக்கும் தொடர்பில்லை என்பதையும் நாம் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

இவற்றைக் கூறுவதால் களைகொல்லிக் கம்பனிகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதலாகாது. மறுபக்கத்தில் நடந்தது இதனிலும் பாரதூரமானது. கிளைபோசேட் மனிதருக்கு ஆபத்தற்றது எனக் கூறி 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று பல நாடுகளில் ஆதாரமாகக் காட்டப்பட்டு வந்தது. வில்லியம்ஸ், குரோஸ், மன்றோ ஆகிய மூவரின் பெயரில் வெளிவந்த அதனை எழுதியதில் உற்பத்தி நிறுவனமான மொன்சாண்டோவின் ஊழியர்களுக்கும் பங்கிருந்தமை, 2017 இல் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் மூலம் வெளியான ஆவணங்களால் அம்பலமானது. அதன் பின்னரும் எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 இன் இறுதியிலேயே அச்சஞ்சிகை கட்டுரையை மீளப் பெற்றது. கால் நூற்றாண்டுக் காலம் ஒரு கம்பனியின் குரல் விஞ்ஞானத்தின் குரலாக உலாவியிருக்கின்றது.

ஆக, ஒரு புறம் அவசரப்பட்ட ஐயம் தீர்ப்பாக்கப்பட்டது. மறுபுறம் மறைக்கப்பட்ட ஆதாயம் ஆதாரமாக்கப்பட்டது. இரண்டிலும் குறைந்திருந்தது வெளிப்படைத்தன்மையேயாகும்.

இதற்கிடையே அமைதியாக நடந்த வேறொரு வேலையும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையின் கிணறுகளிலிருந்து நீரை எடுத்து அளந்து, 2023 இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் பரவிய பகுதிகளின் கிணறுகளில் 44 சதவீதத்திலும், ஏனைய பகுதிகளில் 8 சதவீதத்திலும் கிளைபோசேட் காணப்பட்டதாக அவர்கள் தெரிவித்தனர். கடின நீரில் அது நீண்டகாலம் தங்கி நிற்கக்கூடும் என்றும் கூறினர். இதுவும் நோய்க்கான காரணத்தை நிறுவவில்லை. ஆனால், 2014 இன் கருதுகோள் தூக்கி எறியத்தக்கதன்று, சோதிக்கத்தக்கது என்பதை இது உணர்த்துகின்றது. அன்றே சட்டத்திற்குப் பதிலாகக் கிணறுகளை அளப்பதற்கு அரசு பணம் ஒதுக்கியிருந்தால், உலர் வலயத்து நோயாளியும் மலையகத்துத் தொழிலாளியும் ஒருங்கே பயனடைந்திருப்பர்.

பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு 2021 சான்றாகும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களும் விவசாய இரசாயனங்களும் ஒரே வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டன. அதனை விமர்சித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். ஆறு மாதங்களில் தடை கைவிடப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, உரத் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. கிளைபோசேட் மீதான தடையும் 2022 ஓகஸ்டில் நீக்கப்பட்டது. தடுப்பதிலும் திறப்பதிலும் காட்டிய வேகத்தை ஆதாரத்தை ஆராய்வதில் எவரும் காட்டவில்லை.

சோதித்து ஏற்கும் மரபு நமக்குப் புதியதன்று. புலவர் அவையில் தடை விடைகளுக்கு முகங்கொடுத்த பின்னரே நூல்கள் அரங்கேறும் என்பது தமிழ் மரபு. சொன்னவர் யார், அவரிடம் கேட்டவர் யார், அவர்தம் நேர்மை எத்தகையது என ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்த பின்னரே ஹதீஸை ஏற்பது இஸ்லாமிய அறிஞர் மரபு. சங்கிலியை மறைப்பவரின் சொல்லை இவ்விரு மரபுகளும் ஏற்பதில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவைதாம். ஒரு பொருளைத் தடை செய்வதாயினும் அனுமதிப்பதாயினும், எந்த ஆய்வின் அடிப்படையில் என்பதையும், அதற்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் அரசு பகிரங்கப்படுத்த வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் மூலத் தரவுகள் எவரும் சோதிக்கத்தக்கவாறு திறந்து வைக்கப்பட வேண்டும். மாற்றுக் கருத்துக் கூறும் ஆய்வாளரின் பதவி பறிக்கப்படலாகாது. 1925 இல் நிறுவப்பட்டு நூறாண்டைக் கடந்துவிட்ட தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரைகள் தோட்டத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் லயன்களைச் சென்றடைய வேண்டும்.

மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து மலையேறுபவருடைய உடல்நலமும், அரைப் பேருடன் வீடு திரும்பும் பெண்ணின் வயிற்றுப்பாடும் எந்தச் சஞ்சிகையின் மதிப்பாய்வாளரும் காணாத தரவுகளாகும். ஆய்வுலகின் நேர்மை என்பது பல்கலைக்கழக மண்டபங்களுக்குள் மாத்திரம் பேசப்பட வேண்டியதொன்றல்ல. அது மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அடுப்பெரிவதோடு சம்பந்தப்பட்டது என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் இனியேனும் உணர்வார்களாக.