செம்பியத்து இன்ஜின், மீஞ்சூர்ச் சேறு: பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி, பஞ்செட்டி போகும் சாலையில் மணலியின் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாண்டிவிட்டால் காட்சி சட்டென்று மாறுகிறது. கன்டெய்னர் லாரிகள் அதே சாலையில்தான் ஓடுகின்றன. ஆனால் இரு பக்கமும் நெல் வயல்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்துக்கொரு பெயர் வைத்து இன்னும் நடவு நடக்கும் மண் இது. அப்பா காலத்து நிலம் நாலைந்து ஏக்கரை விற்காமல் வைத்துக்கொண்டு, எண்ணூரிலோ மணலியிலோ ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. நடவு நேரத்தில் வாடகை வண்டி கிடைக்காமல் அல்லாடும்போது இவர்கள் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: பழைய டிராக்டர் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?

கேள்வி நியாயமானது. கேட்கிற இடமும் பொருத்தமானது. இந்தியாவில் பல லட்சம் டிராக்டர்களின் பானெட்டுக்குள் இருப்பது வடசென்னையின் சரக்கு. 1840-ல் தொடங்கி, குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்ப்சன் நிறுவனம், சுதந்திரத்துக்குப் பின் பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தில் டீசல் இன்ஜினுக்கு மாறியது. அதன் இன்ஜின் ஆலை பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் இருக்கிறது. சிம்ப்சனைச் சேர்த்த அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960-ல் தொடங்கிய டிராக்டர் நிறுவனமான டாஃபேயின் ஆலையும் செம்பியத்தில்தான். டாஃபே தயாரிக்கும் மாஸி ஃபெர்குசன் 1035 என்றால் 36 குதிரைத்திறன், 241 என்றால் 42. இரண்டிலும் மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். டயருக்கும் வெளியூர் போக வேண்டாம். 1946-ல் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்த எம்.ஆர்.எஃப். பிறகு அதே ஊரில் டயர் ஆலை போட்டது.

இப்படி ஊர்ப் பெருமை பேசினாலும், பிராண்டைப் பார்த்துப் பழைய வண்டி வாங்குவது பாதி வேலைதான். எந்தக் கம்பெனி, எந்த வருடம், மீட்டரில் எத்தனை மணி நேரம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது: இந்த வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

"வீட்டு வண்டிங்க, வெளியில ஓட்டினதே இல்ல" என்பார் தரகர். வண்டியைக் கேளுங்கள், வேறு கதை சொல்லும். பின்னால் இருக்கும் டிரெய்லர் கொக்கியின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் அது மண்ணும் செங்கல்லும் இழுத்த வண்டி, அல்லது கோடையில் தண்ணீர் டேங்கர் இழுத்த வண்டி. அப்படிப்பட்டதில் கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் மூன்றும் சோர்ந்திருக்கும். லோடு ஏற்றி, மேடான இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் அதன் அருகே போகாதீர்கள். ஏறும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அங்கேயே இறங்கிவிடலாம். முன்பக்கம் லோடர் மாட்டி ஓடிய வண்டியென்றால், சேசிஸ் ஓரத்தில் புதிதாகப் போட்ட போல்ட் துளைகளும் முன் ஆக்ஸிலில் வெல்டிங் தழும்பும் காட்டிக்கொடுக்கும்.

கேஜ் வீல் போட்டு வருடம் முழுக்க வாடகைச் சேற்றுழவு ஓட்டிய வண்டிக்கு நோய் வேறு. பின் ஆக்ஸிலின் இரு முனையிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆயில் கசிந்து, அதில் சேறு ஒட்டிக் காய்ந்திருந்தால் சீல் போயிருக்கிறது. சீல் மலிவான சாமான்தான். அது போன பிறகு உள்ளே நுழைந்த சேறு தின்ற பேரிங்கும் பிரேக் டிஸ்க்கும் மலிவல்ல. நெல்லுக்கென்றே வாங்குகிறவர்கள் ஆயிலில் மூழ்கியிருக்கும் பிரேக் உள்ள வண்டியைத் தேடுவது நல்லது. உலர் டிஸ்க் பிரேக்கில் சேற்றுத் தண்ணீர் இறங்கினால், இடது வலது பிரேக் இரண்டும் ஒரே மாதிரி பிடிக்காது.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொன்று உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் அளந்து எழுதிவரும் சங்கதி. உப்பேறிய அந்த நிலத்தடி நீரைத்தான் பலர் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள், எடைக்காகப் பின் டயருக்குள்ளும் நிரப்புகிறார்கள். கடற்கரைக் குப்பங்களில் ஃபைபர் படகைக் கரையேற்ற உதவிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. ஆகவே பளபளக்கும் பெயின்ட்டை விடுங்கள். வால்வைச் சுற்றியுள்ள ரிம், மட்கார்டின் அடிப்புறம், பேட்டரித் தட்டு, ரேடியேட்டரின் அடித் தொட்டி இவற்றைப் பாருங்கள். மேலே புதுப் பெயின்ட், அடியில் செதில் செதிலாகத் துரு என்றால், அது விற்பதற்காகப் பூசிய பெயின்ட். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் பக்கம் ஓடிய வண்டியில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதும் கட்டாயம். ஃபில்டரைக் கவனிக்காமல் விட்ட வண்டியில் தூசு நேரே பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும்.

இன்ஜினைப் பார்க்கக் காலையிலேயே, சொல்லாமல் போவது உத்தமம். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் புகை விட்டுச் சீராக வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, சிலிண்டர் போர் வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டரோ ஃபில்டரோ காரணமாக இருக்கலாம், அது பெரிய செலவல்ல. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் தொடர்ந்தால், ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பாலில் கலந்த காபி நிறத்தில் ஆயில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. ஓடும்போது பிரீத்தர் குழாயிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தாலும் ரிங் தேய்ந்ததென்றே பொருள்.

டிராக்டரை டிராக்டராக்குவது ஹாரி ஃபெர்குசன் உலகுக்குக் கொடுத்த மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும்தான். ஆனால் வாங்குகிறவர்கள் அதிகம் சோதிக்காததும் அதைத்தான். கனமான ரோட்டவேட்டரை மாட்டி, அரை மணி நேரம் வேலை செய்து, ஆயில் சூடேறிய பிறகு தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணெதிரே மளமளவென்று இறங்கினால், பழுதுக்கான தொகையை விலையில் கழியுங்கள். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டையும் சும்மா சுழலவிட்டுப் பார்த்தால் போதாது, ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கிப் பாருங்கள்.

மீட்டரைப் பற்றி ஒரே வரி: அதை நம்பாதீர்கள், பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் ஆட்டத்தையும் நம்புங்கள்.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்துவிட்டது. புது வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? பல தரகர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகிறார்கள். கறாராகப் பேரம் பேசுங்கள். இன்னொரு பக்கம், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி வந்து, அவற்றில் எலக்ட்ரானிக் சமாச்சாரம் கூடிவிட்டது. சிறு நிலத்துக்கு அத்தனை பெரிய வண்டி தேவையில்லை. 35 முதல் 45 குதிரைத்திறன், சாதாரண பம்ப், பொன்னேரி மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மாடல் போதும். உங்கள் ஊரில் மஹிந்திராவோ ஸ்வராஜோ அதிகம் என்றால் அதையே வாங்குங்கள். செம்பியத்துப் பாசம் உதிரிபாகம் வாங்கித் தராது.

நாலு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் 'இல்லை'. ஏக்கருக்கு ஐந்து மணி நேர உழவு என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு போகத்துக்கு வருடம் 40 மணி நேரம். டிராக்டரின் பொருளாதாரத்தைக் கணக்கிடுகிறவர்கள் வருடம் 1,000 மணி நேரத்தை அளவாக வைக்கிறார்கள். மிச்ச நாளெல்லாம் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கும், பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியே வாடகைக்கு டிராக்டர் தருகிறது. முதலில் அதை முயன்று பாருங்கள். பக்கத்து வயல்காரர்களுக்கும் ஓட்டிச் சம்பாதிக்க ஆள் இருந்தால், அல்லது அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து வாங்கினால், பழைய வண்டி கட்டுப்படியாகும். இந்தக் குறைந்த ஓட்டத்துக்குப் புது வண்டிக் கடன் எந்தக் கணக்கிலும் சேராது.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பல டிராக்டர்கள் கடனில் வாங்கியவை என்ற நினைப்போடு, நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாவட்ட வண்டியென்றால், அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி பாக்கியும் வழக்கும் இல்லை என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விற்கிறவரும் பெயர் மாற்றத்தில் அக்கறை காட்ட வேண்டும்; பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஆர்.சி. உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை ஒரு பகுதிப் பணத்தை உங்களிடமே வைத்திருங்கள்.