பேய் வெளியிலிருந்து வருவதில்லை

பேய்க்கதை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை மரம், இரவில் பால்வெட்டுக் காட்டுக்குள் கேட்ட சத்தம், எல்லையைக் காக்கும் முனியாண்டி எல்லாம் நினைவுக்கு வரும். அந்தக் கதைகளில் பயம் வெளியே இருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் நிம்மதி.

ஆனால் பயமே வீட்டுக்குள் இருந்தால்? உளவியல் திகில் கதை என்பது இதுதான். அங்கே பேய், குடும்பம் வாய்திறந்து பேச மறுத்த ஒன்றின் உருவம்.

ஈப்போவில் ஒரு பெரிய வீடு

இதற்கு நம் பேராக் மண்ணிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுதி 2008இல் வெளிவந்த 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே' நாவல். தலைப்பே நம்முடையது. குறுந்தொகையின் 234ஆம் பாடலை ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலமாக்கியதிலிருந்து எடுத்தது. துணையைப் பிரிந்தவருக்குப் பொழுதெல்லாம் மாலைதான் என்பது அதன் கருத்து.

கதை நடக்கும் ஆண்டு 1980. பாட்டி இறந்துவிட்டார். மூத்த மகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டாள். தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த செல்லம் என்ற பெண் பழி சுமத்தப்பட்டு வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறாள். ஆறு வயது ஆஷா மட்டும் இறந்தவர்களைக் காண்கிறாள். வீட்டின் பழைய உரிமையாளரான ஸ்காட்லாந்துக்காரரின் மகளும் அவள் கண்ணுக்குத் தெரிகிறாள்.

குழந்தைக்கு ஏன் பேய் தெரிகிறது? பெரியவர்கள் அவளிடம் எதையும் சொல்வதில்லை. தந்தைக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை. தாய்க்கு ஆறாத கசப்பு. அக்காள் பேச்சை நிறுத்திவிட்டாள். யாரும் விளக்காத வெற்றிடத்தைப் பிள்ளை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. பேய் உண்மையா, கற்பனையா என்று வாசகருக்கு முடிவாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதே இவ்வகைக் கதையின் உத்தி.

மூன்று தலைமுறையின் மறதி

இதில் புலம்பெயர்ந்தோர் குடும்பம் எங்கே வருகிறது? இந்தக் குடும்பத்தின் மூதாதை 1899இல் கடல்கடந்து கூலியாக வந்தவர். அவர் மகன் வெள்ளைக்காரரிடமிருந்து பெரிய வீட்டை வாங்குகிறார். பேரன் வழக்கறிஞர். அந்த வழக்கறிஞர் வீட்டிலேதான் தோட்டத்துப் பெண் அடிமைபோல் நடத்தப்படுகிறாள். தாங்கள் கடந்துவந்த வறுமையை அவள் முகத்தில் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது தப்பு நடந்தால் பழிபோட எளிய ஆள் அவள்தான். உண்மையான திகில் இங்கேதான் இருக்கிறது.

பத்து காஜா அருகே கெல்லி மாளிகையை எண்ணிப் பாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் கட்டி முடிக்கப்படாமல் நின்ற கட்டடம் அது. சுற்றுலா செல்வோர் அங்கே துரையின் ஆவியைப் பற்றிக் கதை கதையாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கு உழைத்து நோயில் மாண்ட தொழிலாளரைப் பற்றி எத்தனை பேர் கேட்கிறார்கள்? அருகிலுள்ள மாரியம்மன் கோயில்தான் அவர்களை நினைவுபடுத்துகிறது. ஆவியாக உலவக்கூடத் துரைக்குத்தான் இடம்!

நமக்கு என்ன பயன்?

இத்தகைய கதைகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தன. பல வீடுகளில் தாத்தா பட்ட அவமானமும், பாட்டி இழந்த பிள்ளையும் பேசப்படாமலே போயின. பிள்ளைகளிடம் மறைத்தால் அவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எண்ணுகிறோம். மறப்பதில்லை, காரணம் தெரியாமல் பயப்படுகிறார்கள்.

உங்கள் பிள்ளை இருட்டைக் கண்டு அஞ்சினால் விளக்கைப் போடுங்கள். கூடவே, பகலில் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்லுங்கள். வீட்டில் வேலை செய்பவரை எப்படி நடத்துகிறோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.