தகரப்பெட்டியில் ஒரு மலைநாடு

நீலகிரியில் பழைய வீடு என்றதும் உதகையின் வெள்ளைக்காரர் பங்களாக்களும் படகர் ஊர்களான ஹட்டிகளின் வரிசை வீடுகளுமே பெரும்பாலோர் மனத்தில் எழும். ஆயினும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீடுகளில், ஐம்பது வருஷ காலமாக ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஜீவித்து வந்திருப்பதால், பத்திரமும் பட்டாவும் இல்லாத அந்த ஒற்றை அறையும் அடுப்படியுமே அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பூர்விக இல்லமாகிவிட்டது.

கோத்தகிரிக்கு அருகே அத்தகைய வீடொன்றில், கோடை விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியை இழுத்துத் திறந்து, கம்பளிக்கும் பழம்புடவைகளுக்கும் கீழே கிடந்த பாஸ்போர்ட் ஒன்றைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அட்டையின் மடிப்பு விட்டுப்போய், நூலால் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே குடும்பம் முழுவதும் ஒரே படத்தில் இருந்தது: கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையுடன் தகப்பனார், மடியில் கைக்குழந்தையுடன் தாயார், ஓரத்தில் இரட்டைப் பின்னலும் மிரண்ட விழிகளுமாக ஒரு பெண்குழந்தை.

"அம்மாயி, இது யாரு?"

"நாந்தான் கண்ணு. கப்பல் ஏறுறதுக்கு முந்தி இலங்கையில ஹட்டன்ல போயி எடுத்த படம்."

"கப்பல்ல எதுக்கு வந்தே? நம்ம ஊரு இதுதானே?"

படத்தில் தன் வயதிலேயே இருக்கும் பாட்டியைப் பார்த்து அக்குழந்தை கேட்ட இக்கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து, முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் ஆள்சேர்ப்போரான கங்காணிமார் இலங்கைக்குத் திரட்டிச் சென்ற மக்களின் சந்ததியார், இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜா உரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாயினர். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அந்த ஜனத்தொகையில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அந்த மக்களைக் கலந்து யோசிக்காமலே அவர்களுடைய வாழ்வை இவ்வாறு எண்ணிப் பகுத்தது நியாயமென்று என் மனம் இன்றளவும் ஒப்பவில்லை.

வழியனுப்ப வந்தவர்களின் கதறலால் இலங்கை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் பெற்றுவிட்ட இரயிலில் தலைமன்னார் வரை வந்து, இராமானுஜம் என்னும் கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். முன்னொரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்ததும் அதே மண்டபந்தான். பாட்டன் வெளியேறிய வாசலிலேயே பேரன் திரும்ப நுழைந்தான். இவ்வாறு வந்தவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968இல் வனத்துறை நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே, 1975இல் டான்டீ என்னும் அரசு ஸ்தாபனமாயின. தாம் வந்து பயிராக்கிய மலையில், கவாத்தும் கொழுந்துமாக அந்தத் தலைமுறையின் ஆயுள் கழிந்தது.

பாட்டி இவற்றையெல்லாம் சொல்லவில்லை. லயத்து வீட்டுத் திண்ணையான இஸ்தோப்பில் விட்டுவந்த நாய் ஸ்டேஷன் வரைக்கும் ஓடிவந்ததையும், கப்பலில் தம்பி வாந்தியெடுத்ததையும், மண்டபத்து மணல் சுட்டதையும் சொன்னாள். அன்று காலையில் குழந்தை தின்ற தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும் அவள் தாயார் அக்கரையில் செய்த பக்குவமே என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. குழந்தை கண்கொட்டாமல் கேட்டது. உடன்படிக்கையின் ஷரத்துக்களைவிட அந்த நாயின் கதிதான் அதற்கு முக்கியம். அந்த நாய் என்னவாயிற்று என்பதே சரியான கேள்வி என்றும் எனக்குப் பட்டது.

பாட்டி குடியிருப்பது போன்ற லைன் வீடுகள் தோட்ட வேலையோடு சேர்ந்தவை. வீட்டில் கடைசியாக வேலை செய்பவர் ஓய்வு பெற்றால், வீட்டைக் காலி செய்ய நேரும். அப்போது பெட்டியிலுள்ள பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையுமே குடும்பத்தின் வரலாற்றுக்குச் சாட்சி. ஜாதிச் சான்றிதழுக்கும் மறுவாழ்வு உதவிக்கும் தாசில்தார் அலுவலகத்தில் நீட்ட வேண்டிய ஆதாரங்களும் அவையே. பாட்டி அவற்றை நூலால் தைத்து வைத்திருந்ததன் காரணம் இதுதான். ஆனால் விட்டுவந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணி யார், அதற்கும் முன்னால் பாட்டன் புறப்பட்ட கிராமம் எது என்பனவெல்லாம் பலருடைய காகிதங்களில் இல்லை. கிழவிகளின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வார்களானால், பள்ளிக்கூடங்கள் அதையே விடுமுறைப் பாடமாக ஏற்றுக்கொள்ளலாம்.