தகரப் பெட்டியில் உறங்கும் தோட்ட வரலாறு

பத்து காஜாவுக்கு அருகே உள்ள கெல்லிஸ் கோட்டையைப் பார்க்கச் செல்பவர்கள், சற்றுத் தொலைவில் இருக்கும் மாரியம்மன் ஆலயத்தையும் பார்க்கலாம். கொள்ளைநோயில் தொழிலாளர்கள் மாண்டபோது, அவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் எழுப்பிய ஆலயம் அது என்று சொல்லப்படுகிறது. தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பி அணிந்த வெள்ளைக்கார உருவம் ஒன்றும் அங்கே உண்டு. முதலாளிக்குக் கோட்டை இருக்கிறது, உருவம் இருக்கிறது. 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் காலமானது வரை ஏடுகளில் இருக்கிறது. கல் சுமந்த தமிழர்களில் எத்தனை பேரின் பெயரை இன்று சொல்ல முடியும்?

பேராக் மாநிலத்தின் பல ரப்பர் தோட்டங்களின் கதையும் இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயன் வீடுகள் உடைக்கப்பட்டு, குடும்பங்கள் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று பிரிந்து சென்றன. சில தோட்டங்களின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால், அந்தக் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் கல்யாணப் படங்களும், திருவிழாப் படங்களும், சம்பளச் சீட்டுகளும், கப்பல் பயணச் சீட்டுகளும் இன்னும் உறங்குகின்றன.

இவற்றைக் காக்கக் கட்டடமும் பெரும் பணமும் தேவை என்று எண்ணிப் பல அமைப்புகள் தயங்குகின்றன. ஈப்போ காட்டும் வழி வேறு. 2000-ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட 'ஈப்போ வேர்ல்டு' அமைப்பு, பழைய படங்களையும் நினைவுகளையும் முதலில் இணையத்தில் தொகுத்தது. அதன் பிறகே, 1893-இல் நிறுவப்பட்ட ஹக்கா சுரங்க முதலாளிகளின் சங்கமான ஹான் சின் பெட் சூ கட்டடத்தில் 2015-இல் அருங்காட்சியகம் திறந்தது. இலங்கைத் தமிழர்களின் 'நூலகம்' இணையத் தளமும் 2005-இல் தன்னார்வலர்களின் உழைப்பில் பிறந்ததே. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட துயரத்தை அறிந்தவர்கள், ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தை அறிவார்கள். கம்பளை அருகே ஓல்ட் பீக்காக் தோட்டத்தின் பழைய லயன் அறைகளில் 2007-இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

தொடங்குவது எப்படி? ஒரு கணினியும், வருடி எனப்படும் ஸ்கேனரும், ஒரு கைத்தொலைபேசியும் போதும். சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் வருடி, 'டிஃப்' கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறருக்கு அனுப்ப 'ஜேபெக்' பிரதி போதுமானது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். அதை மூலப் பிரதியாகக் கருதக்கூடாது.

அடுத்தது எண். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓர் எண் எழுதி, அதே எண்ணைக் கோப்புக்கும் இட வேண்டும். பேனா மை நாளடைவில் படத்தைக் கெடுக்கும். பின்னர் ஓர் அட்டவணையில் படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, விவரம் சொன்னவர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். இந்த நான்கு விவரமும் இல்லாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊமைப் படமே. தமிழில் எழுதும்போது யூனிகோட் முறையைப் பயன்படுத்துவது அவசியம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த எத்தனையோ ஆவணங்கள் இன்று கணினியில் புரியாத குறிகளாகத் தெரிகின்றன.

மூன்றாவது குரல். 'பிரட்டு', 'மங்கு', 'கிராணி', 'ஆயாக்கொட்டகை' போன்ற சொற்கள் எந்தப் பொருளில் வழங்கின என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளே சொல்ல முடியும். பழைய படத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பேசச் சொன்னால் நினைவுகள் தானாக வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். தொடக்கத்தில் பெயர், நாள், இடம் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது பாதுகாப்பு. மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. கணினியில் ஒன்று, வெளித் தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் வெள்ளமோ தீயோ எல்லாவற்றையும் அழிக்க முடியாது. பொருள்களை இணையத்தில் காட்சிக்கு வைக்க 'ஒமேக்கா' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

குடும்பத்தின் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அடையாளக் கார்டு எண்ணை மறைத்துவிட வேண்டும். மூலப் படத்தை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். இந்த நாணயம் இருந்தால்தான் அடுத்த வீட்டுக் கதவும் திறக்கும்.

கருவிகள் ஆண்டுதோறும் மலிவாகும். அவற்றை நாளையும் வாங்கலாம். படத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்லத் தெரிந்த மூதாட்டி நாளை இருப்பாரா என்பதே கேள்வி. ஆலயங்களும் பள்ளி வாரியங்களும் இளைஞர் மன்றங்களும் இந்த வார இறுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சென்று, ஒரே ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டாலும், அந்தத் தோட்டத்தின் வரலாறு அங்கிருந்து எழுதப்படத் தொடங்கும்.