ஜாஸ் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

அம்பத்தூர், ஆவடி பக்கம் கல்யாண மண்டபத்துல வாசிச்சவங்களுக்குத் தெரியும்: பின்னாடி டிரம்ஸ், காலடியில மானிட்டர். ஆர்ச்டாப் கிட்டாருக்கு மைக் வெச்சு வால்யூமைக் கூட்டினா 'கூ'ன்னு ஊளையிடும்.

பிரிட்ஜில் பொருத்தும் பியஸோ, மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது. தொனி இயல்பா இருக்கும். ஆனா ஸ்பீக்கர் சத்தத்தில் மரம் அதிர்வதையும் சேர்த்தே பிடிக்கும். காந்த பிக்கப் பிடிப்பது முக்கியமா கம்பியின் அசைவைத்தான். அவ்வளவு சீக்கிரம் ஊளையிடாது. 1939-இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், காற்றுக்கருவிகளுக்கு நடுவே தனித்துக் கேட்டது இந்த வகையால்தான்.

என் தேர்வு: நெக் முனையில் மாட்டும் ஃப்ளோட்டிங் காந்த பிக்கப். நல்ல கிட்டாரை வெட்ட வேண்டாம். வெட்டினா திரும்ப வராது. கூடவே நிக்கல் கம்பி போடுங்க. வெண்கலம் சுற்றிய கம்பிகள் காந்தத்துக்கு மெலிசாத்தான் கேட்கும். டிரம்ஸ் இல்லாத சின்ன ஹாலா? பியஸோவே போதும்.